மூன்றாவது நோக்கம்

1896இல் சிகாகோவில் வக்கீல் தொழில் தொடங்கிய பால் ஹாரிஸுக்கு வாரநாட்கள் எப்படியோ ஓடிவிடும். ஞாயிற்றுக்கிழமையைக் கழிப்பதுதான் பெரும்பாடு. வெர்மான்ட் மாநிலத்தின் வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர் அவர். அங்கே தெருவில் இறங்கினால் எதிரே வருகிறவரெல்லாம் தெரிந்தவர். சட்டம் படித்து முடித்ததும் ஐந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றி, பத்திரிகை நிருபர், ஓட்டல் குமாஸ்தா, நாடக நடிகர் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்திருந்தார். எந்த ஊரிலும் ஒட்டிக்கொள்ளத் தெரிந்த அவருக்கே சிகாகோவில் மூச்சு முட்டியது. அப்போதே அந்த நகரத்தில் 15 லட்சம் பேருக்கு மேல் வசித்தார்கள். கட்சிக்காரர்கள் வந்து போனார்கள். மனம்விட்டுப் பேச ஆள் இல்லை.

1900இல் ஒரு நாள் மாலை, இன்னொரு வக்கீல் அவரை ரோஜர்ஸ் பார்க் பகுதிக்குச் சாப்பிட அழைத்துப்போனார். சாப்பிட்டுவிட்டு இருவரும் காலாற நடந்தார்கள். வழியில் கடை கடையாக நின்று, கடைக்காரரைப் பெயர் சொல்லி விசாரித்து, ஹாரிஸையும் அறிமுகப்படுத்திக்கொண்டே வந்தார் அந்த நண்பர். வியாபாரத்துக்காக வந்த பழக்கம் சிநேகிதமாக முற்றியிருந்ததை ஹாரிஸ் பார்த்தார். இவ்வளவு பெரிய நகரத்திலும் இது சாத்தியம் என்றால், தொழிலுக்கு ஒருவராகச் சேர்த்து ஒரு குழு அமைத்தால் என்ன? அந்த யோசனை அவர் மனசில் ஐந்து வருஷம் ஊறிக்கிடந்தது.

1905 பிப்ரவரி 23, வியாழக்கிழமை. டியர்பார்ன் தெருவின் யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறை. சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோரின் அலுவலகம் அது. அவரோடு ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீலி, தையற்கடை நடத்திய ஹைரம் ஷோரி. மொத்தம் நாலு பேர். நாலு பேருமே வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள். விருந்து இல்லை, மேடை இல்லை, தீர்மானமும் இல்லை. ஹாரிஸ் தன் யோசனையைச் சொன்னார், மற்றவர்களுக்குப் பிடித்திருந்தது. அடுத்த கூட்டம் இன்னொருவர் அலுவலகத்தில், அதற்கடுத்தது வேறொருவர் இடத்தில். இப்படிச் சுழற்சி முறையில் கூடியதால் ரோட்டரி என்ற பெயர் நிலைத்தது. முதல் தலைவர் ஷீலி. இரண்டாம் கூட்டத்தில் சேர்ந்த அச்சக உரிமையாளர் ஹாரி ரகிள்ஸ், சோர்ந்துபோன கூட்டங்களை எல்லாரையும் பாடவைத்துத் தூக்கி நிறுத்தினார். சக்கரச் சின்னத்தை வரைந்து கொடுத்தவர் மான்டேகு பேர் என்ற உறுப்பினர். பற்சக்கரமெல்லாம் பிற்பாடு வந்தது. முதலில் அது வெறும் வண்டிச்சக்கரம்தான்.

ஆனால் அந்தச் சங்கத்தில் சேவை என்ற பேச்சே கிடையாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1906 ஜனவரியில் எழுதிய அமைப்புவிதியில் நோக்கங்கள் இரண்டே இரண்டு: உறுப்பினர்களின் தொழில் வளர வேண்டும், நட்பு வளர வேண்டும். நிலக்கரி வேண்டுமா, ஷீலியிடம் வாங்கு. நோட்டீஸ் அடிக்க வேண்டுமா, ரகிள்ஸிடம் கொடு. யாரால் யாருக்கு எவ்வளவு வியாபாரம் நடந்தது என்று கணக்கு வைக்கவே ஒருவரை நியமித்திருந்தார்கள். நட்பு உண்மையானதுதான். ஆனால் அதன் பயன் அந்த அறையைத் தாண்டவில்லை. அப்படியே விட்டிருந்தால் பத்து வருஷத்தில் கலைந்துபோகும் வியாபாரிகள் வட்டங்களில் ஒன்றாகவே அது முடிந்திருக்கும்.

அந்தத் திசையை மாற்றியவர் அப்போது உறுப்பினர்கூட இல்லை. டொனால்டு கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலை 1906 வசந்தத்தில் சங்கத்துக்கு அழைத்தார்கள். அவர் விதிகளை வாங்கிப் படித்தார். தங்களுக்குள் மட்டுமே கொடுத்து வாங்கும் சங்கம் நீடிக்காது, ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று சொல்லிச் சேர மறுத்துவிட்டார். ஒரு சங்கத்தின் பெருமையைச் சொல்லி அழைக்கும்போது அதன் குறையை நேருக்கு நேர் எடுத்துச் சொல்ல நெஞ்சுரம் வேண்டும். கேட்டவர்களும் கோபித்துக்கொள்ளவில்லை. அப்படியானால் நீங்களே வந்து திருத்துங்கள் என்று அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். சிகாகோ நகரின் நலனுக்காக உழைப்பது, மக்களிடம் ஊர்ப்பற்றை வளர்ப்பது என்ற மூன்றாவது நோக்கம் விதிப்புத்தகத்தில் ஏறியது. ரோட்டரி உண்மையில் பிறந்தது அன்றைக்குத்தான் என்பேன்.

எழுதி வைத்ததைச் செய்ய வேண்டுமே. 1907இல் ஹாரிஸ் தலைவரானதும் சங்கம் எடுத்த முதல் பெரிய பொதுக்காரியம் பொதுக்கழிப்பறை. நகர மையத்தில் அவசரம் என்றால் ஆண்கள் மதுக்கடைக்குள் நுழைய வேண்டும். நுழைந்தால் ஒரு கோப்பை வாங்காமல் வெளியே வருவது சங்கடம். பெண்களுக்குப் பெரிய துணிக்கடைகள்தான் கதி. மாநகராட்சிக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே கழிப்பறை கட்டச் சொல்லி, மற்ற அமைப்புகளையும் திரட்டிக்கொண்டு சங்கம் இறங்கியது. எதிர்ப்பு இரண்டு பக்கமிருந்தும் வந்தது. எங்கள் கடைகளில் இல்லாத கழிப்பறையா என்றார்கள் மதுத் தயாரிப்பாளர்கள். பெண்களுக்கு நாங்கள் வைத்திருக்கிறோமே என்றார்கள் ஸ்டேட் தெருப் பெருங்கடைக்காரர்கள். சங்கமே வியாபாரிகளின் சங்கம், எதிர்த்து நின்றவர்களும் வியாபாரிகள். ஆனாலும் விடாமல் நடையாக நடந்து, இரண்டு வருஷ இழுபறிக்குப் பிறகு 1909இல் வாஷிங்டன், லாசால் தெருக்கள் கூடும் இடத்தில் அதைத் திறக்கவைத்தார்கள்.

அங்கே யார் பெயரையும் பொறித்துப் பெருமை கொண்டாட முடியாது. போய்வந்தவர்கள் நன்றி சொல்லியிருக்கவும் மாட்டார்கள். நான் இந்தக் கதையை மதிப்பது அதனால்தான். படம் எடுத்துப் போட ஏற்றதா என்று பாராமல், தெருவில் நடப்பவருக்கு எது இல்லாமல் தவிப்பு என்று பார்த்தார்கள்.

அதற்கப்புறம் வேகம்தான். 1908இல் சான் ஃபிரான்சிஸ்கோ, 1910இல் 16 சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, அடுத்து கனடா, அயர்லாந்து, இங்கிலாந்து. 1919இல் கல்கத்தா, 1929இல் சென்னையும் கொழும்பும். அரிமா சங்கம் பிறந்ததும் அதே சிகாகோவில்தான், 1917இல். தொழில் வட்டத்தின் பலம் ஊருக்குப் பயன்பட வேண்டாமா என்று காப்பீட்டு முகவர் மெல்வின் ஜோன்ஸ் கேட்ட கேள்வியும் கார்ட்டர் கேட்டதுதான். ஒரு குறையையும் சொல்லாமல் விடக்கூடாது. ரோட்டரி பெண்களை உறுப்பினராக ஏற்க எட்டுப் பத்தாண்டுகள் ஆயின. 1987இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 1989இல்தான் விதி மாறியது. அவ்வளவு காலம் ஊரின் பாதி அறிவை வாசலில் நிற்கவைத்தது பெரிய தவறு.

அந்த மூன்றாவது நோக்கம் எட்டிய உச்சம் போலியோ ஒழிப்பு. ரோட்டரி 1985இல் அந்தப் பணியை உலகத் திட்டமாக எடுத்துக்கொண்டது. 1988இல் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,50,000 பேரை முடக்கிக்கொண்டிருந்தது அந்த நோய். சொட்டு மருந்து ஞாயிறுகளில் சத்துணவு மையத்திலும் பேருந்து நிலையத்திலும் மேஜை போட்டு, ஐஸ் பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அழும் குழந்தையின் வாயில் இரண்டு சொட்டு விட்டு, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்பியவர்களோடு எத்தனையோ ஊர்களில் சங்கத்து ஆட்களும் நின்றிருக்கிறார்கள். இந்தியாவில் கடைசியாகப் போலியோ கண்டது 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹௌராவில் ஒரு பெண் குழந்தைக்கு. 2014 மார்ச் 27 அன்று இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியாவுக்குப் போலியோ இல்லாத பகுதி என்ற சான்று கிடைத்தது.

ஆண்டுதோறும் ஜூலையில் நம் ஊர்ச் சங்கங்களில் புதிய தலைவர்கள் பதவியேற்கிறார்கள். மாலை, பொன்னாடை, ஃபெல்லோஷிப் விருந்து எல்லாம் இருக்கட்டும். மனிதர்கள் கூடிச் சிரிப்பதும் வேண்டியதுதான். அது முடிந்த மறுநாள் உங்கள் ஊர்ப் பேருந்து நிலையம், வாரச்சந்தை, அரசுப் பெண்கள் பள்ளி மூன்றுக்கும் வீட்டுப் பெண்களோடு போய் வாருங்கள். அங்கே கழிப்பறைக்குத் தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, சுத்தம் செய்பவருக்குச் சம்பளம் ஒழுங்காகப் போகிறதா என்று அவர்களையே பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் குறைதான் இந்த ஆண்டு உங்கள் முதல் புராஜெக்டாக இருக்க வேண்டும்.