கன்னியர் மடத்துச் சிறு வாயில்

சிங்கப்பூர் விக்டோரியா வீதியில் உயர்ந்து நிற்கும் வெண்ணிறக் கோபுரத்தை நம்மவரிற் பலர் கண்டிருப்பர். இன்று ‘சைம்ஸ்’ என வழங்கும் அவ்விடம் 129 ஆண்டுகள் கன்னியர் மடமாக விளங்கியதென்பதை அறிந்தார் சிலரே.

அங்குள்ளவற்றுள் மூத்தது கால்டுவெல் இல்லம். ஜார்ஜ் கோல்மன் என்னும் கட்டடக்கலைஞர், நீதிமன்ற எழுத்தரான கால்டுவெல் என்பவருக்காக 1840-41இல் அமைத்தது. (திருநெல்வேலிச் சீமையில் தொண்டாற்றிய கால்டுவெல் ஐயர் வேறு, இவர் வேறு.) 1854இல் பினாங்கினின்று வந்த மதர் மதில்டாவும் உடன் வந்த கன்னியரும் இவ்வில்லத்திற் குடிபுகுந்து, பெண்களுக்குப் பள்ளியும் அநாதைகளுக்குப் புகலிடமும் நிறுவினர்.

ஆலயமோ பிற்பட்டது. நேன் பாதிரியார் வரைந்த திட்டப்படி எழுந்து 1904 ஜூனில் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. கூர்நுனி வளைவுகளும், ஐந்தடுக்குக் கோபுரமும், பெல்ஜியம் நாட்டு வண்ணக் கண்ணாடிகளும் ஐரோப்பாவை நினைவூட்டும். ஆயினும் தூண்களின் தலையிலமைந்த போதிகைகளை அண்ணாந்து பாருங்கள்! ஆலயத்திலும் நடைகளிலுமாக 648 உள. அவற்றிலே நம் வெப்பநாட்டுச் செடிகொடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டுள்ளன.

இத்துணை அழகினும் நம் நெஞ்சை ஈர்ப்பது விக்டோரியா வீதிப் பக்கத்துச் சிறு வாயிலே. ‘நம்பிக்கை வாயில்’ என்பர் அதனை. வறுமையாலோ நோயாலோ வளர்க்க வகையற்றோர் பச்சிளங் குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றனர். அவருட் பெரும்பாலன பெண் மகவுகள். புலியாண்டிற் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாதென்னும் சீனர் சிலரது மூடநம்பிக்கையும் இதற்கொரு காரணம். ‘பெண் மூலம்’ என்றதும் முகஞ் சுளிக்கும் நாம் அவரை எள்ளி நகைக்க என்ன தகுதியுடையோம்? சாதகம் பாராது அக்குழந்தைகளை ஏந்திக்கொண்ட கன்னியரே பாராட்டத்தக்கார்.

1983இல் பள்ளி தோ பாயோவுக்குப் பெயர்ந்தது. ஆலய வழிபாடும் நின்றது. 1990இல் ஆலயமும் கால்டுவெல் இல்லமும் தேசிய நினைவுச்சின்னங்களாயின. 1996 முதல் வளாகம் உணவகங்களின் இடமாயிற்று. ஆலயத்திலே இன்று திருமணங்களும் விருந்துகளும் நடைபெறுகின்றன.

வழிபட்ட இடத்தில் மதுக்கிண்ணமா என்று மனம் நொந்தாரும் உளர். அவர் துயரம் பொய்யன்று. எனினும், பாழடைந்து இடிபட்டுப் போவதினும் மக்கள் நடமாட்டத்தோடு நிற்பதே மேலென்போம். நமது குறை வேறு: கண்ணாடியின் அழகு பேசப்படுமளவு அங்கு வளர்ந்த பெண்களின் வரலாறு பேசப்படவில்லை. விருந்துக்குச் செல்லும் அன்பர்கள் திரும்புங்கால் சற்றே சுற்றிச் சென்று, அச்சிறு வாயிலையும் கண்டு வருவாராக.