கடல் கடந்த பாசிமணி

மணிவழி – 9

வெள்ளிக்கிழமை விடிந்ததுமே ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தை களைகட்டிவிடும். ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வந்தவர்களும் சுற்றுவட்டார விவசாயிகளும் விலை பேசிக்கொண்டிருந்த கூட்டத்தின் ஓரத்தில், சாக்கு விரித்து பாசிமணிச் சரங்களைப் பரப்பியிருந்தார் ஒரு நரிக்குறவ மூதாட்டி. கைக்குழந்தைக்குக் கருமணி கேட்டு நின்றாள் ஒரு மலைப்பெண். "புள்ளைக்குக் கண்ணு படாது, கட்டும்மா" என்று மூதாட்டி எடுத்துக் கொடுத்தார். அந்தச் சிறு மணிக்குப் பின்னால் ஒரு பெருங்கடல் வரலாறு இருக்கிறது.

சென்ற வாரம் கொடுமணலின் கல்மணிகளைப் பார்த்தோம். இந்த வாரம் கண்ணாடி மணி. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே கண்ணாடி மணி செய்தார்கள். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானியப் பானை ஓடுகளைத்தான் எல்லோரும் பேசினார்கள். மணிகளைப் பேசவைத்தவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். கடுகும் மிளகும் போன்ற இந்த ஒற்றை நிற மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

இந்த மணிகளைச் செய்யும் தொழில்முறையை ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் அவர் நேரில் கண்டார். உருகிய கண்ணாடியை இரும்புக் குழாயின் முனையில் கூம்பாகத் திரட்டுவார்கள். உள்ளே துளை விழச் செய்து, சூளையின் மறுபக்கம் ஒருவர் மெல்லிய குழலாக இழுத்துக்கொண்டே போவார். குழலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கச் சாம்பலோடு சேர்த்துச் சூடேற்றினால், கூரிய விளிம்பு மழுங்கி மணியாகும்.

இப்படிப்பட்ட இந்திய மணிகள் தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ ஆற்றங்கரைக் குடியிருப்புகளில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்திருக்கின்றன. மாபுங்குப்வே குன்றை அடுத்த கே2 என்ற பழைய ஊரில், வந்த சிறுமணிகளை உருக்கி, களிமண் அச்சில் வார்த்துப் பெருமணிகள் செய்தார்கள். வாங்கியதைத் தங்கள் கைப்பக்குவத்தில் வேறொன்றாக்கிய அந்தக் கலைஞர்கள் நம் மணிக்கு இரண்டாம் பிறவி கொடுத்தார்கள்.

1570-களில் தளபதி பரேட்டோவின் படையோடு சாம்பெசி ஆற்றுப் பகுதிக்குப் போன போர்த்துகீசியப் பாதிரியார் மொன்க்ளாரோ, நாகப்பட்டினத்தில் செய்த மணிகள் மொசாம்பிக்குக்கு வருவதை எழுதிவைத்தார். கொத்தமல்லி விதை அளவு இருந்ததாம். நம் சோழமண்டலக் கரையின் பெயர் ஆப்பிரிக்க மணிக் கணக்கில் ஏறிய இடம் அது.

பின்னாளில் ஆப்பிரிக்காவில் ஐரோப்பிய மணிகள் குவிந்தன. ஜூலு, மசாய் பெண்கள் அவற்றைக் கோத்து வயது, திருமணம், காதல் எல்லாவற்றையும் நிறத்தால் சொன்னார்கள். வெண்டா மக்களோ பழைய மணிகளை 'நீரின் மணி' என்று பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகப் போற்றிக் காத்தார்கள். மணி அங்கே முன்னோர் சொத்து.

இங்கே? வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர்களுக்கு வேட்டைதான் வாழ்வாக இருந்தது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் அந்த வழி அடைபட, ஊசிமணியும் பாசிமணியுமே சோறு போட்டன. பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருந்தார்கள். பேருந்து நிலையத்தில் அவர்களைக் கண்டதும் ஒதுங்கி நடக்கும் நம் வழக்கம் மட்டும் இன்னும் மாறவில்லை.

இன்று சரத்தில் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கிறது. ஆனால் நிறம் பார்த்துக் கோத்து, முடிச்சிட்டு, ஊர் ஊராகக் கொண்டுசேர்க்கும் கை மாறவில்லை. வெண்டா வீட்டில் மணிக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பங்காவது இந்தக் கைக்குக் கிடைக்க வேண்டும்.

மலைப்பெண் காசு கொடுத்தாள். மூதாட்டி தன் கையாலேயே குழந்தையின் மணிக்கட்டில் சரத்தைக் கட்டிவிட்டார். தாய் அந்தப் பிஞ்சுக் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தாள்.

(அடுத்த வாரம்: கம்பாத்துச் செம்மணிகள்)