மயிலாடிச் சபையின் இரண்டு ஆண்டுகள்

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றிய வரலாற்றை எழுதுவோர் பலரும் 1806ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குவர். அவ்வாண்டு ஏப்ரல் திங்களில், இலண்டன் மிஷனெரி சங்கத்தைச் சார்ந்த ஜெர்மானியராகிய வில்லியம் தொபியாஸ் ரிங்கல்தௌபே ஐயர் ஆரல்வாய்மொழிக் கணவாயின் வழியே அந்நாட்டுக்குள் நுழைந்தார். இது மறுக்கவொண்ணாத உண்மை. ஆயினும் அவர் தாமாகத் தேடி வந்தவரல்லர், அழைக்கப்பட்டு வந்தவர். அழைத்தவர், நாகர்கோவிலுக்குக் கிழக்கேயுள்ள மயிலாடி என்னும் சிற்றூரில் சாம்பவர் குலத்திற் பிறந்த மகாராசன் என்பவர். நம் இளைஞர்கள் இப்பெயரை முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்பது நம் கருத்து.

மகாராசன் சிவபக்தர். உறவினர் ஒருவருடன் சிதம்பரத்திற்கு யாத்திரை சென்றார். அங்கே மனநிறைவு பெறாதவராய்த் தஞ்சையிலிருந்த சுற்றத்தாரைக் காணச் சென்றவர், கோலாஃப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்னும் பெயர் பூண்டார். பின் கையில் வேதப் புத்தகங்களுடன் மயிலாடிக்குத் திரும்பி, தம் வீட்டாருக்கும் சுற்றத்தாருக்கும் தாமே போதிக்கலானார். எந்தச் சங்கமும் அவரை அனுப்பவில்லை. எவரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. ரிங்கல்தௌபே அடியெடுத்து வைக்குமுன்னரே மயிலாடியில் கூடி ஜெபிக்கும் ஒரு சிறு கூட்டம் இருந்தது. எதிர்ப்பு மிகுந்தபோது, ஊரைவிட்டுக் குடும்பங்களுடன் தஞ்சைக்கே பெயர்ந்துவிடலாமா என்று எண்ணும் நிலையும் வந்தது. அத்தருணத்தில்தான் தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் கற்றுக்கொண்டிருந்த ரிங்கல்தௌபேக்கு அழைப்புச் சென்றது.

அக்காலத்துத் திருவிதாங்கூரில் நம்மவர் வாழ்வு எத்தகையது என்பதை ஈண்டுச் சிறிது நின்று நோக்குதல் தகும். நிலத்தோடு சேர்த்து மனிதரையும் விற்றனர், வாங்கினர், அடகு வைத்தனர். அடிமைத்தனம் அந்நாட்டில் 1855ஆம் ஆண்டில்தான் அரச விளம்பரத்தால் முற்றும் ஒழிக்கப்பட்டது. தலைவரி ஒருபுறம் இருந்தது. மறுபுறம் ஊழியம் இருந்தது. ஊழியம் என்னும் சொல்லைக் கேட்டதும் இன்று கிறிஸ்தவர் நெஞ்சில் தோன்றுவது இறைப்பணி. திருவிதாங்கூர் ஏழை மக்களுக்கோ அச்சொல் வேறு பொருள் தந்தது. அரசாங்கம் அழைத்தபோதெல்லாம் கூலியின்றிச் சென்று, சுமை தூக்கியும் வழி செப்பனிட்டும் செய்ய வேண்டிய கட்டாய வேலைக்கே அங்கு ஊழியம் என்று பெயர். அதிகாரியின் ஆள் வந்து நின்றால் போகமாட்டேன் என்று சொல்ல இயலாது. அத்தகைய மக்கள் மாலையில் ஒன்றுகூடி, தாமே விரும்பி ஏற்ற வேறோர் ஊழியத்தைச் செய்யத் தலைப்பட்டனர். ஒரே சொல் அடிமைத்தளைக்கும் அன்புப்பணிக்கும் பெயராக நின்ற அந்த நாட்களை எண்ணும்போது, சபையில் சேர்ந்து பணிசெய்தல் அவர்களுக்கு எத்தனை பெரிய உரிமையாகத் தோன்றியிருக்கும் என்பது நமக்கு ஒருவாறு விளங்கும்.

வரியும் ஊழியமும் நீங்கும் என்ற எதிர்பார்ப்போடும் பலர் சபையை நாடினர். ரிங்கல்தௌபே இதைக் கண்டு மனம் கசந்தார். அவர் கசப்பு நமக்குப் புரிகின்றது. அவரோடு நாம் உடன்படவில்லை. முதுகிலிருக்கும் சுமையை இறக்க வழி தேடுபவனைப் போலிப் பக்தன் என்று சொல்லுதல் நியாயமன்று. இதைச் சொல்லும்போதே, அவர் தம் சம்பளத்தில் பெரும்பங்கை உபதேசியார்களுக்கும் ஏழைகளுக்கும் செலவிட்டவர் என்பதையும், நாட்டைவிட்டுப் புறப்பட்ட நாளில் உடுத்த நல்லதொரு மேலங்கியும் இல்லாதவராய் இருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இவ்விருவரின் கூட்டுழைப்பு, ஒருவர் இயலாததை மற்றவர் செய்த உழைப்பு. ஆலயம் கட்ட அரசின் அனுமதி வேண்டும். அதற்கு ஆங்கில ரெசிடெண்டாகிய கர்னல் மக்காலேயிடம் பேச ஒரு வெள்ளையர் தேவைப்பட்டார். வேதமாணிக்கம் அவ்வாயிலைத் தாண்டியிருக்க முடியாது. மறுபக்கம், குடிசைக்குள் அமர்ந்து மனிதரின் பேச்சிலே வேதத்தை விளக்கவும், யார் வீட்டில் என்ன துன்பம் என்று அறியவும் ரிங்கல்தௌபேயால் இயலவில்லை. அவர் தொடக்கத்தில் பாளையங்கோட்டையில் தங்கி வந்துபோனவரே. 1809ஆம் ஆண்டில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சி அடங்கியபின், மயிலாடியில் ஆலயம் எழுந்தது. பள்ளியும் தோன்றியது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி தன் தொடக்கமாகக் குறிப்பது இந்த 1809ஆம் ஆண்டையே. தாமரைகுளம், ஈத்தாமொழி முதலிய ஊர்களிலும் சபைகள் பரவின. படிக்கவும் எழுதவும் கணக்கிடவும் பிள்ளைகள் கற்றனர்.

1816ஆம் ஆண்டின் தொடக்கத்தில், உடல்நலம் குன்றிய ரிங்கல்தௌபே சபைகளின் பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்புவித்துப் புறப்பட்டார். கொழும்பு சென்று, அங்கிருந்து கிழக்கு நோக்கிக் கப்பலேறியவரின் முடிவு எவருக்கும் தெரியாமற் போயிற்று. அடுத்த மிஷனெரியாகிய சார்லஸ் மீட் ஐயர் மயிலாடிக்கு வந்து சேர்ந்தது 1818ஆம் ஆண்டில். இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளைப் பெரும்பாலான நூல்கள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நாம் கடக்க விரும்பவில்லை.

அந்த இரண்டாண்டுகளிலும் வெள்ளையர் எவரும் சபைக்குத் தலைமை தாங்கவில்லை. தட்டிக்கேட்க ஆளில்லை என்று பகைவர் எண்ணத்தக்க காலம் அது. விசுவாசத்தில் தளர்ந்து விலகியோரும் இருந்தனர். எனினும் ஆராதனை நின்றுபோகவில்லை. மூத்த உபதேசியாராகிய வேதமாணிக்கமும் அவருடன் உழைத்தோரும் ஊர் ஊராய்ச் சென்று சபைகளைக் காத்தனர். தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்ட ஒருவர் ஒரு நாட்டின் பல ஊர்ச் சபைகளை நடத்தினார். பிற குலத்தாரும் அவர் சொற்கேட்டு நடந்தனர். 1816ஆம் ஆண்டில் இது சிறு காரியமா? மீட் ஐயர் வந்தபோது கண்டது பாழிடமன்று. ஆலயமும் மக்களும் உபதேசியாரும் உள்ள சபைகளைக் கண்டார்.

அதன்பின் வளர்ச்சி விரைந்தது. மிஷனின் தலைமையிடம் நாகர்கோவிலுக்கு மாறிற்று. கர்னல் மன்றோவின் முயற்சியால் அரசியார் கௌரி பார்வதி பாய் 5,000 ரூபாய் அளிக்க, அதைக்கொண்டு கல்விச்சாலைக்கு வயல்கள் வாங்கப்பட்டன. அச்சுக்கூடம் வந்தது. மால்ட் அம்மையார் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்தார். அடிமைப் பெண்கள் சிலர் அவ்வருவாய்கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். நாடார் குலத்தார் ஆயிரக்கணக்கில் சேர்ந்தனர். சபை பெருகப் பெருக, அதைத் தொடங்கிய சாம்பவர் அதனுள் சிறுபான்மையினர் ஆயினர்.

சாதி ஆலயத்தின் வாயிலில் நின்றுவிடவில்லை, உள்ளேயும் வந்தது. 1850களின் தொடக்கத்தில், மனைவியை இழந்திருந்த மீட் ஐயர் நம் குலத்துக் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணந்தார். அம்மணம் பெரும் எதிர்ப்பை மூட்டியது. ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் உழைத்தவர் மிஷனெரி சங்கத்தைவிட்டு விலக நேர்ந்தது. பின்னர் அவர் திருவிதாங்கூர் அரசின் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளரானார். அவருடைய கல்வித் தொண்டு அவ்வழியே தொடர்ந்தது. ஒரே திருவிருந்தில் பங்குகொண்டவர் ஒரே பந்தியில் அமரத் தயங்கிய இவ்வரலாற்றை மறைப்பதால் எவருக்கும் நன்மையில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, மதம் மாறியவனுக்குச் சாதியில்லை என்ற கருத்தில் நம் கிறிஸ்தவ உடன்பிறப்புகளைப் பட்டியலினின்று விலக்கி வைத்தபோது, மயிலாடியின் அனுபவத்தை அறிந்தோர் எவ்வாறு அதை ஒப்புக்கொள்ள இயலும்?

வேதமாணிக்கம் 1827ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாழ்வைப் பற்றிய செய்திகளைத் திரட்டி, 1903ஆம் ஆண்டில் சி. எம். ஆகூர் என்பார் திருவிதாங்கூர்த் திருச்சபை வரலாற்றை எழுதி வைத்தமையால் நமக்கு இவ்வளவேனும் கிடைத்தது. மயிலாடி ஆலயம் இன்று ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம் என்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. இரு பெயர்களும் ஒன்றாகவே உள்ளன. கன்னியாகுமரிக்குச் செல்லும் நம் உறுப்பினர்கள் சற்றே வழி விலகி அவ்வூருக்கும் சென்று வருவார்களாக.