ஸ்லோவில் நிக்காத வண்டி

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பழைய கார் ஓட்டுறவங்க மெக்கானிக்கிட்ட "ஐடிலிங் ரஃப்பா இருக்கு"ன்னு சொல்வது அபூர்வம். "ஸ்லோவில் நிக்கல பாய்", "மிஸ்ஸிங் அடிக்குது", இவ்வளவுதான். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் இன்ஜின் குலுங்கும், சத்தம் ஏறி இறங்கும், ரயில்வே கேட்டில் நின்னால் ஆஃப் ஆகிவிடும். அதே வண்டி ஹைவேயில் அறுபதில் போகும்போது ஒரு குறையும் தெரியாது.

பழைய சர்வீஸ் மேனுவல்களைச் சேர்த்துப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். அப்படிப் படித்ததில் பிடிபட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரே இன்ஜின், ஒரே நோய், ஆனால் நோய்க்கான காரணம் பத்து இருபது வருஷத்துக்கு ஒரு தடவை மாறியிருக்கிறது. மாற்றியது பெரும்பாலும் டெல்லி.

முதலில் இன்ஜின். ஐடிலில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும். உள்ளே போகும் காற்றும் பெட்ரோலும் ரொம்பக் கொஞ்சம். மேனிஃபோல்டில் வெற்றிடம் பலமாக இருக்கும். அந்த நிலையில் கேஸ்கெட்டில் முடி அளவு ஓட்டை இருந்தாலும், அது வழியாக நுழையும் காற்று கலவையைக் கெடுத்துவிடும். வேகமாகப் போகும்போது உள்ளே போகும் காற்று பல மடங்கு. ஓட்டையின் பங்கு அதில் கரைந்துவிடும். அதனால் ஸ்லோவில்தான் இன்ஜின் உண்மையைச் சொல்லும்.

1959 வாக்கில் அம்பாசடருக்கு வந்த 1489 சிசி பி.எம்.சி. இன்ஜின் முப்பது வருஷத்துக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் ஓடியது. 1961-ல் மெட்ராஸில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் உற்பத்தி ஆரம்பித்தது. அதே வருஷம் பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் தொடங்கியது. டிஸ்ட்ரிபியூட்டரும் காயிலும் பக்கத்திலேயே கிடைக்க ஆரம்பித்தன. லைசென்ஸ் ராஜ்ஜியத்தைத் திட்ட நிறைய இருக்கு, திட்டியும் இருக்கேன். ஆனால் அதற்கு ஒரு பக்க விளைவு உண்டு: அப்பா கத்துக்கிட்ட இன்ஜினையே மகனும் பிரித்தான். தோல் வியாபாரிகள் ஆம்பூரிலிருந்து பெரியமேட்டுக்கு 180 கிலோமீட்டருக்கு மேல் இந்த வண்டிகளில்தான் போய் வந்தார்கள். அந்த நெடுஞ்சாலை ஓரத்து ஒர்க்‌ஷாப்களில் காதாலேயே நோய் கண்டுபிடிக்கும் ஒரு தலைமுறை உருவாக முப்பது வருஷம் கிடைத்தது.

அவர்களுடைய முறை ரொம்ப எளிமை. இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது, ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் பிளக் ஒயரை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார்கள். பிடுங்கினதும் சத்தம் இறங்கினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. பிடுங்கியும் ஒரு மாற்றமும் இல்லையென்றால் அதுதான் செத்த சிலிண்டர். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டும் செத்திருந்தால், நடுவில் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். நாலும் சமமாக இருந்தும் குலுங்கினால் கோளாறு பொதுவான இடத்தில்: பாயின்ட், ஐடில் ஜெட், மேனிஃபோல்டு. (எலக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் இதைச் செய்யாதீங்க, காயிலும் மாட்யூலும் போயிடும்.)

அடுத்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. கரிப்பொடி மாதிரி கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம். ஆயில் ஈரம் என்றால் ரிங் அல்லது வால்வு கைடு. பாயின்ட் இடைவெளி 15 தவ், அதாவது 0.4 மி.மீ. மேனிஃபோல்டு இணைப்பில் ஆயில் கேனால் சொட்டு சொட்டாக விட்டுப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் விடும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே லீக். கார்புரேட்டர் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் தொடுவது கடைசியில்தான். முதலிலேயே அதைத் திருகினால் வண்டி அன்றைக்கு நின்னு ஓடும், காரணம் உள்ளேயே மறைந்திருக்கும். லாக் ஃபைலைப் பார்க்காமல் கான்ஃபிக்கை மாற்றும் ஜூனியர் பசங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

1990-களில் இந்தப் பட்டியலில் ஒரு புதுக் காரணம் சேர்ந்தது. அதுவரை பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. 1921-ல் ஜெனரல் மோட்டார்ஸில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்த வழி அது. இன்ஜின் தட்டுவதைத் தடுப்பதோடு, பழைய வார்ப்பிரும்பு ஹெட்டில் வால்வு சீட்டுக்கு ஒரு பூச்சாகவும் ஈயம் இருந்தது. மூச்சில் போனால் மூளைக்கு விஷம், முக்கியமாகக் குழந்தைகளுக்கு. டெல்லி வாகனப் புகை பற்றி எம்.சி. மேத்தா 1985-ல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்தில், 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் நின்றது.

நம்ம ஊர்க்காரர்களுக்கு அந்த வருஷங்கள் வேறொரு காரணத்துக்காக நினைவிருக்கும். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். மாசு செய்தவனே செலவை ஏற்க வேண்டும் என்பது இந்தியச் சட்டத்தில் உறுதியானது இந்த வழக்கில்தான். தொழிற்சாலைக் கழிவும் அங்கிருந்து கிளம்பும் அம்பாசடரின் புகையும் ஒரே காலத்தில் ஒரே நீதிமன்றத்தில் நின்றன. ரெண்டையும் சேர்த்து யாரும் எழுதிப் படித்ததாக எனக்கு நினைவில்லை.

ஈயம் போனது நல்லதுக்கே. ஆனால் கடினமான சீட் போடாத ஹெட்டில், நீண்ட தூரம் வேகமாக ஓடும்போது வால்வு சீட் தேய்ந்து உள்ளே இறங்கும். டப்பெட் இடைவெளி தானாகக் குறையும், வால்வு முழுசாக மூடாது, ஸ்லோ கெடும். மேனிஃபோல்டில் வேக்குவம் கேஜ் மாட்டினால் முள் ஒரே தாளத்தில் துள்ளித் துள்ளி விழும்.

அடுத்த காரணம் மண்ணெண்ணெய். ரேஷனில் மலிவு, பங்க்கில் பெட்ரோல் விலை அதிகம். அந்த வித்தியாசம்தான் கலப்படக்காரனின் லாபம். மண்ணெண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது, ஆக்டேன் குறைவு. காலையில் ஸ்லோ நிக்காது, பிளக்கில் கரி படியும், எரியாதது இன்ஜின் ஆயிலில் கலக்கும். மெக்கானிக் கார்புரேட்டரை நாலு தடவை கழற்றி மாட்டுவார், கோளாறு டேங்கில் இருக்கும். வடிகட்டித் தாளில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பது அப்போது வந்த பழக்கம். சுத்தமான பெட்ரோல் கறை விடாமல் பறந்துவிடும்.

இதற்கு ஒரு உயிரும் போயிருக்கிறது. கோலார் தங்கவயலைச் சேர்ந்த மஞ்சுநாத் சண்முகம் மைசூரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பி.இ., பிறகு லக்னோ ஐ.ஐ.எம். படித்து இந்தியன் ஆயிலில் அதிகாரியானார். உத்தரப் பிரதேசத்தின் லக்கீம்பூர் கேரியில் கலப்பட பங்க்குக்குச் சீல் வைத்தார். 2005 நவம்பர் 19-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 27. அவர் வளர்ந்த ஊர் ஆம்பூரிலிருந்து ஒரு காலை நேரப் பயணம்தான். மிஸ்ஸிங் அடிக்கும் ஒரு வண்டிக்குப் பின்னால் இவ்வளவு பணம் நிற்கிறது என்பதை எந்த சர்வீஸ் மேனுவலும் சொல்லாது.

2000-க்கு அப்புறம் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஸ்கேனர் மாட்டினால் கோடு எண் வரும். அது தனிக் கதை, எனக்கு அதில் பெரிய சுவாரஸ்யம் இல்லை.

இப்போது எத்தனால். 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனை தொடங்கியது. 2025-ல் அந்த இலக்கை எட்டியாச்சுன்னு அரசு அறிவித்தது. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். புது வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது, பழைய அளவிலேயே ஊற்றும். கணக்குப் போட்டால் கலவை ஏறக்குறைய 8 சதவீதம் வறண்டு போகிறது. ஏற்கெனவே சின்ன லீக் இருந்தால் ஸ்லோ கெட இது போதும். பழைய ரப்பர் ஹோஸும் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறிக் கெடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், மாசக்கணக்கில் நிற்கும் வண்டியில் தண்ணீர் அடியில் பிரிந்து தங்கிவிடும்.

(தோல் பெல்ட்காரர்களுக்கு ஒரு துணுக்கு: பழைய அமெரிக்கக் கார்புரேட்டர்கள் பலவற்றில் ஆக்ஸிலரேட்டர் பம்ப் வாஷர் தோல்தான். எத்தனாலுக்கு அது அந்தக் கால ரப்பரைவிட நல்லாவே தாங்கும்.)

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இப்போது இந்த வரிசையில் பார்த்தால் போதும். முதலில் டேங்க்கும் ஹோஸும். பிறகு பிளக் ஒயர், பாயின்ட், மேனிஃபோல்டு லீக். டப்பெட் இடைவெளியை ஒவ்வொரு தடவையும் நோட்டில் எழுதி வையுங்க, ஏதாவது ஒரு வால்வில் மட்டும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வெளியே திருகிப் பாருங்க.