ஒடெஸாவின் படிக்கட்டு

நம் வட்டத்தின் கூட்டங்களில் கவிதையைப் பற்றிய பேச்சு எழுந்தால், படிமம் என்னும் சொல் தவறாமல் வந்து அமர்ந்துகொள்ளும். இரண்டு படிமங்களை அருகருகே நிறுத்தி, இரண்டிலும் இல்லாத மூன்றாவதொன்றைப் பிறப்பிப்பதே கவிஞனின் தொழில் என்போம். அதே தொழிலைப் படச்சுருளில் செய்தவர் செர்கேய் ஐசன்ஸ்டீன். 1929ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் படத்தொகுப்பை விளக்க அவர் ஜப்பானிய ஹைக்கூவையே துணைக்கு அழைத்தார் என்பது இம்மலரைப் படிக்கும் கவிஞர்களுக்கு உவப்பளிக்கக்கூடும். ஆனால் விளக்கத்துக்கு முன்பே செயல் முடிந்திருந்தது. 1925இல் வெளிவந்த 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தின் படிக்கட்டுக் காட்சியைத்தான் சொல்கிறேன்.

கருங்கடல் துறைமுகத்தை நோக்கி இறங்கும் அப்படிக்கட்டு 1841இல் கட்டி முடிக்கப்பட்டது. இன்றுள்ள படிகள் 192. மேலே குறுகி, கீழே அகன்றது. உச்சியிலிருந்து நோக்குவோர்க்கு இடைத்தளங்கள் மட்டுமே தெரியும். அடியிலிருந்து நோக்குவோர்க்குத் தளங்கள் மறைந்து படிகள் மட்டுமே தெரியும். கண்ணை ஏமாற்றும் வித்தை கல்லிலேயே இருந்தது. ஒளிப்பதிவாளர் எட்வர்ட் டிஸ்ஸே அதனருகே தடம் அமைத்து, சிதறியோடும் கூட்டத்தோடு கேமராவையும் கீழே உருளவிட்டார். வெயிலைக் கண்ணாடிகளால் திருப்பி முகங்களில் பாய்ச்சினார். சுடும் வீரர்களுக்கோ முகம் இல்லையென்றே சொல்லலாம். பூட்சுகள், துப்பாக்கிகள், வெள்ளைச் சட்டைகளின் வரிசை, அவ்வளவே. இறந்த மகனை ஏந்திய தாயொருத்தி, அனைவரும் இறங்கும்போது தான் மட்டும் ஏறுகிறாள். அவள் எதிரே படிகளின்மீது வீரர்களின் நெடுநிழல்கள் விழுகின்றன. ஆளுக்கு முன் நிழல் வருவதே அச்சம்.

அடுத்து, படத்தொகுப்பு. ஒரு வீரன் வாளை ஓங்குகிறான். மறுகணம், மூக்குக்கண்ணாடி உடைந்து, கண்ணில் குருதி வழியும் ஒரு பெண்ணின் முகம். வெட்டு விழுவதைப் படம் காட்டவேயில்லை. அதைப் பார்ப்பவனின் மனமே போட்டுக்கொள்கிறது. நம் நல்ல கவிதைகள் சொல்லாமல் விடும் சொல்லும் இதுதான். காலமும் இங்கே கடிகாரத்தின் பேச்சைக் கேட்பதில்லை. ஓடி இறங்க ஓரிரு நிமிடம் போதும் என்று தோன்றும் படிகள் முடிவற்று நீள்கின்றன. வீரர்களின் தாளம் பிசகாத நடையால் இறங்கிய வேகத்தை, இறுதியில் தாயை இழந்த குழந்தையின் தள்ளுவண்டி ஏற்றுக்கொண்டு தனியே உருள்கிறது. அதன் கதி என்னவென்று காண்பதற்குள் காட்சி வேறிடம் தாவிவிடுகிறது.

இனி நம்மை உறுத்த வேண்டிய செய்தி. 1905 ஜூனில் அக்கப்பலின் மாலுமிகள் புழு நெளிந்த இறைச்சியின் பொருட்டுக் கலகம் செய்ததும், கொல்லப்பட்ட வகுலின்சுக்கின் உடல் ஒடெஸாத் துறைமுகத்தில் கிடத்தப்பட்டதும், மக்கள் திரண்டதும் உண்மை. படைகள் சுட்டுப் பெருந்தொகையினர் மாண்டதும் உண்மையே. ஆனால் அது துறைமுகப் பகுதியில், தீயும் புகையும் சூழ்ந்த இரவில் நடந்தது. பட்டப்பகலில், படிக்கட்டில், படத்தில் காண்பதுபோன்ற படுகொலை எதுவும் நிகழவில்லை. படிக்கட்டைக் கண்ட பின்னரே அக்காட்சி ஐசன்ஸ்டீனின் மனத்தில் உருக்கொண்டது.

இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மெய்யான சாவுகளுக்கு அவர் கண்ணால் காணத்தக்க ஓர் இடம் தேடிக் கொடுத்தார். ஆயினும், இரவில் துறைமுகத்தில் மடிந்தவர்களை இன்று எவர் நினைக்கிறார்? அவர்களுடைய சாவின்மீது அழகிய வேறொரு சாவு ஏறி நின்றுகொண்டது. வரலாற்றைப் பாடவரும் நம் கவிஞர்கள் இக்கேள்வியைத் தவிர்க்க இயலாது.

கலகத்தின் பொன்விழா ஆண்டான 1955இல் சோவியத் அரசு அதற்குப் பொட்டெம்கின் படிக்கட்டு என்றே பெயரிட்டது. உக்ரைன் 1991இல் தனிநாடான பின்னர்ப் பழைய பெயர் மீட்கப்பட்டது. எனினும் அவ்வூராரின் பேச்சில் அது இன்றும் பொட்டெம்கின் படிக்கட்டுதான்.