அமெரிக்கன் மாவும் நாற்பது இலட்சம் சாக்குகளும்

எங்கட வீடுகளில் கோதுமை மாவை அம்மம்மாமார் இன்றைக்கும் "அமெரிக்கன் மா" என்றுதான் சொல்லுவினம். சின்ன வயதில் அதை ஏதோ கம்பனிப் பெயர் என்று நினைத்திருந்தோம். கம்பஸில் உணவு உதவியின் வரலாற்றை வாசிக்கத் தொடங்கின பிறகுதான் அந்தப் பெயரை யோசித்துப் பார்த்தோம்.

1954 இல் ஐக்கிய அமெரிக்கா பொதுச் சட்டம் 480 ஐக் கொண்டுவந்தது. அங்கே களஞ்சியங்களில் கோதுமை தேங்கிக் கிடந்தது. வெளியில் பசித்த நாடுகள் இருந்தன. டொலர் இல்லாத நாடுகள் தங்கட நாணயத்திலேயே அதை வாங்கலாம் என்றது சட்டம். இலங்கைக்கும் அந்த மா வந்தது. ஆனால் கொடுக்கிறவருக்கு எதிரான நாடுகளோடு வியாபாரம் செய்யக்கூடாது என்ற நிபந்தனையும் பின்னர் அதில் சேர்ந்தது.

அந்த நிபந்தனைக்கு என்ன விலை என்பதை 1974 இல் பங்களாதேஷ் கண்டது. சுதந்திரம் பெற்று மூன்று வருசம்கூட ஆகவில்லை. உலகச் சந்தையில் எண்ணெய், கோதுமை விலைகள் ஏறியிருந்தன. கையில் அந்நியச் செலாவணி இல்லை. இதற்குள் அந்த நாடு கியூபாவுக்கு நாற்பது இலட்சம் சணல் சாக்குகளை விற்றிருந்தது. அதைக் காரணம் காட்டி அமெரிக்கா உணவு உதவியை இழுத்தடித்தது. பங்களாதேஷ் கியூபா ஏற்றுமதியை நிறுத்தியது. ஆனாலும் கோதுமை வந்து சேர்வதற்குள் பஞ்சத்தின் மோசமான மாதங்கள் கடந்துவிட்டன. இறந்தோர் சுமார் 26,000 என்றது அரசாங்கம். ஆய்வாளர்களின் கணக்குகள் அதைவிடப் பல மடங்கு.

அதே நவம்பரில் ரோமில் உலக உணவு மாநாடு நடந்தது. இன்னும் பத்து வருசத்தில் எந்தப் பிள்ளையும் பசியோடு நித்திரைக்குப் போகாது என்று அங்கே பேசியவர், அமெரிக்க வெளியுறவுச் செயலாளர் ஹென்றி கிசிஞ்சர்.

முழுப் பழியையும் வெளியில் போட்டுவிடவும் ஏலாது. 1974 இல் பங்களாதேஷில் தலைக்குக் கிடைத்த தானியம் பக்கத்து வருசங்களைவிடக் குறையவில்லை என்று அமர்த்தியா சென் 1981 இல் காட்டினார். வெள்ளத்தால் வேலை போனது, அரிசி விலை ஏறியது. காணியில்லாத கூலியாட்களால் வாங்க முடியவில்லை. கப்பல் நேரத்துக்கு வந்திருந்தால் அந்த விலை கொஞ்சமாவது இறங்கியிருக்கும் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

உதவியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இடம்பெயர்ந்து, நிவாரண அரிசியில் உலை வைத்த வீடுகளில் இருந்து வந்த எங்களுக்கு அப்படிச் சொல்ல வாயும் வராது. எத்தனை தொன் கொடுத்தார்கள் என்பதோடு, எப்ப கொடுத்தார்கள், அதுக்கு முதல் என்ன கேட்டார்கள் என்றும் பார்ப்போம். பசிக்கிற சனத்துக்கு இரண்டு மாதம் பிந்தி வாற கோதுமை, வராத கோதுமைதான்.