மத்திகிரித் தொழுவமும் டார்வினின் புறாக்களும்

1824 அக்டோபரில் கித்தூர் கோட்டை வாசலில் நடந்த சண்டையில் ராணி சென்னம்மாவின் படை, கும்பெனியின் அதிகாரி தாக்கரேயைக் கொன்றது. அவருடைய உதவியாளர்கள் இருவர் சிறைபிடிக்கப்பட்டார்கள். ஒருவர் ஸ்டீவன்சன். இன்னொருவர் 21 வயது வால்டர் எலியட். கித்தூர் வரலாற்றில் எலியட்டுக்கு அவ்வளவுதான் இடம். பிணைக்கைதியாக வந்து போகிறவர். ஆனால் 35 ஆண்டுகள் கழித்து, 1859 நவம்பரில் லண்டனில் வெளியான ‘உயிரினங்களின் தோற்றம்’ நூலின் முதல் அத்தியாயத்திலேயே அவர் பெயர் திரும்ப வருகிறது. இந்தியாவிலிருந்து புறாத் தோல்களை அனுப்பி உதவியதற்காக சார்லஸ் டார்வின் அவருக்கு நன்றி சொல்கிறார்.

கித்தூருக்குப் போவதற்கு முன்பு எலியட் வேலை கற்றுக்கொண்ட இடம் சேலம். எடின்பரோவில் 1803-இல் பிறந்து, கும்பெனி உத்தியோகத்துக்காக மதராஸ் வந்த இளைஞருக்குக் கிடைத்த முதல் பதவி, சேலம் கலெக்டரின் உதவியாளர். அன்றைய சேலம் ஜில்லா இன்றைய சேலத்தைப் போலப் பல மடங்கு. திப்பு சுல்தானிடமிருந்து 1792-இல் கைமாறிய பாராமகாலும், அவர் வீழ்ந்த 1799-இல் சேர்ந்த பாலகாட்டும் அதற்குள் அடங்கும். பாராமகால் என்றால் கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள பூமி. பாலகாட் என்றால் மலைக்கு மேலே உள்ள ஓசூர், தேன்கனிக்கோட்டை, கெலமங்கலம். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். ஆகவே பரிணாமக் கொள்கைக்குச் சான்று சேர்த்துக் கொடுத்த ஒருவரின் இந்திய வாழ்க்கை ஓசூர், கிருஷ்ணகிரிச் சீமையை உள்ளடக்கிய ஜில்லாவில்தான் தொடங்கியது.

அதே 1824-இல்தான் ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் படைக்குக் குதிரை வளர்க்கக் கும்பெனி ஒரு பண்ணையைத் தொடங்கியது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,000 அடி உயரம், குளிர்ந்த காற்று, பரந்த மேய்ச்சல், பெங்களூர் தண்டுக்கு அருகாமை. குதிரைக்கு இதைவிட நல்ல இடம் மதராஸ் மாகாணத்தில் வாய்ப்பது அரிது. 1,600 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கும் அந்தப் பண்ணை பின்னாளில் மாட்டுப் பண்ணையாகி, இன்றும் அரசின் கால்நடைப் பண்ணையாக நிற்கிறது. 1970-களில் சிப்காட் வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்.ஸும் வந்தன. ஓசூர் என்றாலே தொழிற்சாலைச் சங்கு என்றாகிவிட்டது. அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே இந்த ஊரில் ஓர் உற்பத்தி நடந்துகொண்டிருந்தது. அது உயிருள்ளவற்றின் உற்பத்தி.

கும்பெனிக்கு முன்பும் அது நடந்தது. மைசூர் அரசர்கள் 17-ஆம் நூற்றாண்டிலேயே அரண்மனைக்கென்று மாட்டு மந்தைகளை வைத்திருந்தார்கள். ஹைதர் அலியும் திப்புவும் அந்த மந்தைகளைப் பெருக்கிப் பீரங்கி இழுக்கப் பழக்கினார்கள். அந்த அமைப்புக்கு ‘அம்ரித் மகால்’ என்று பெயர் வைத்தவர் திப்பு. குதிரைப் படைக்கு ஈடுகொடுத்து ஓடக்கூடிய காளைகள் அவை. திப்பு வீழ்ந்ததும் ஆங்கிலேயர் ஆவலோடு கைப்பற்றியவற்றுள் இந்த மந்தைகளும் உண்டு. பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆர்தர் வெல்லெஸ்லி இந்தக் காளைகளின் அருமையை நன்றாக அறிந்தவர்.

அந்த மந்தைகளுக்கு மூலம் ஹள்ளிகர் மாடு. நீண்ட முகம், புடைத்த நெற்றி, அடியில் நெருங்கிப் பின்னோக்கி எழும்பி மறுபடி முன்னால் வளையும் கொம்பு, கல்லில் தேயாத குளம்பு. ஓசூர்ப் பக்கத்து உழவர்களுக்கு இதை அடையாளம் காட்டத் தேவையில்லை. காவிரியை ஒட்டிய மலைக்காடுகளில் இன்னொரு இனம் இருக்கிறது: ஆலம்பாடி. கருஞ்சாம்பல் உடல், முகத்திலும் காலிலும் வெள்ளைத் திட்டு. காட்டுப் பட்டியில் வளர்ந்து, கிடைத்ததைத் தின்று, மேட்டு நிலத்தில் நாள் முழுக்க ஏர் இழுக்கும். (பர்கூர் மாடு என்றதும் பலர் கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பர்கூரை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மாடு ஈரோடு மாவட்டம் அந்தியூருக்கு மேலே உள்ள பர்கூர் மலைக்குச் சொந்தம்.)

ஒரே நாட்டில், ஒரு சில நாள் நடைத் தொலைவுக்குள், இத்தனை வேறுபட்ட மாடுகள் எப்படி உண்டாயின? டார்வின் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். அவர் தன் நூலைக் காட்டிலிருந்து தொடங்கவில்லை. தொழுவத்திலிருந்தும் புறாக்கூண்டிலிருந்தும் தொடங்கினார். கன்றுகள் எல்லாம் ஒரேபோலப் பிறப்பதில்லை. வேண்டியதை வளர்ப்பவன் பொலிகாளையாக வைத்துக்கொள்கிறான், வேண்டாததை விற்றுவிடுகிறான். தலைமுறை தலைமுறையாக இது நடக்கும்போது இனத்தின் உருவமே மாறிவிடுகிறது. புதிதாக ஓர் இனத்தை உண்டாக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடுவதில்லை. நல்ல மாடு வேண்டும் என்று மட்டுமே நினைக்கிறார்கள். மனிதன் இவ்வளவு குறுகிய காலத்தில் இதைச் செய்ய முடியுமானால், கோடிக்கணக்கான ஆண்டுகளில் பஞ்சமும் நோயும் எதிரியும் எதைத்தான் செய்யாது? இயற்கைத் தேர்வு என்ற கருத்துக்கு டார்வின் அமைத்த படிக்கட்டு அது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் பல் பிடித்துப் பார்த்து, சுழி பார்த்து, நடையைப் பார்த்து விலை பேசுகிறவர்களும், பொங்கலை ஒட்டி எருது விடும் விழாவில் கொம்பில் தட்டி கட்டி ஓடவிடும் காளைக்காகக் கன்றிலேயே கால் வாகு பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்களும் செய்துவருவது இதே வேலை. டார்வினுக்குத் தேவைப்பட்ட அறிவு இவர்களைப் போன்றவர்களிடம் இருந்தது. அதை எழுத்தில் பிடித்து இங்கிலாந்துக்குக் கொண்டுசேர்க்க ஒருவர் வேண்டியிருந்தது.

எலியட் அதற்கு ஏற்ற ஆள். கித்தூரில் சில வாரம் அடைபட்டிருந்து விடுதலையான பிறகு தார்வார்ப் பக்கத்தில் பல ஆண்டு வேலை பார்த்தார். அங்கே கண்ட பாலூட்டிகளின் பட்டியலை 1839-இல் மதராஸ் இலக்கிய, அறிவியல் சஞ்சிகையில் வெளியிட்டார். அதில் பிடித்துப்போகும் விஷயம், யாரிடம் கற்றோம் என்பதை அவர் மறைக்காதது. வயல் எலிகளைப் பற்றி அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் மண் வேலை செய்யும் ஒட்டர்கள். வளையைத் தோண்டி எலி பிடிப்பவர்களுக்கு எந்த எலி எப்படி வளை வைக்கும் என்பது அத்துப்படி. அவர்கள் ஓர் எலிக்கு வைத்திருந்த பெயர் சற்றே உருமாறி அதன் அறிவியல் பெயருக்குள் போய், ‘மில்லார்டியா மெல்டாடா’ என்று இன்றும் புழங்குகிறது. எலியட்டின் பெயரும் ஒரு விலங்குக்கு உண்டு. ஏற்காடு உட்படக் கிழக்குத் தொடர்ச்சி மலைகளில் வாழும், அணில் போன்ற மூங்கிலணத்தானின் அறிவியல் பெயர் ‘அனத்தனா எல்லியோட்டி’.

1856 ஜனவரியில் டார்வின் அவருக்குக் கடிதம் எழுதினார். வீட்டுப் புறா, கோழி ஆகியவற்றின் தோல்கள் வேண்டும். இந்தியாவில் வளர்ப்பவர்கள் எந்தெந்த வகைகளை வைத்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டும். அப்போது எலியட் மதராஸ் கவர்னரின் ஆலோசனைச் சபை உறுப்பினர். நிர்வாகச் சுமைக்கு நடுவிலும் அவர் மதராஸிலிருந்து புறாத் தோல்களை அனுப்பினார். பர்மாவிலிருந்து கோழிகளையும் தருவித்துக் கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. 1770-இல் இறந்துபோன சையத் முகமது முசாரி என்பவர் புறா வளர்ப்பைப் பற்றி எழுதிய நூலின் மொழிபெயர்ப்பையும் டார்வினுக்குக் கிடைக்கச் செய்தார்.

இந்த நூல் டார்வினுக்கு ஏன் முக்கியம்? புறா வகைகள் எல்லாம் நேற்று முளைத்தவை அல்ல, வளர்ப்பவர்கள் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்தெடுத்ததன் விளைவு என்று அவர் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு ஐரோப்பாவின் ஏடுகள் போதாது. அக்பரின் அரண்மனையோடு 20,000 புறாக்கள் பயணம் செய்ததை அவர் எடுத்துக்காட்டுகிறார். முசாரியின் நூலும் அந்த வரிசையில் சேர்ந்தது. விசிறி வால் புறாவும், குட்டிக்கரணம் போடும் புறாவும், தொண்டையை ஊதிப் பெருக்கும் புறாவும் மாடப்புறா என்ற ஒரே மூதாதையின் பிள்ளைகள் என்பது அவர் முடிவு. அது இன்றுவரை நிற்கிறது.

மாட்டைப் பற்றிய அவருடைய கணிப்பும் நின்றது. திமில் உள்ள இந்திய மாடும் ஐரோப்பிய மாடும் ஒரே காட்டு மூதாதையிடமிருந்து வந்தவை அல்ல என்று அவர் எழுதினார். கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பிளைத் நீண்ட நீண்ட கடிதங்களில் தந்த தகவல்கள்தான் அதற்கு ஆதாரம்: குரல் வேறு, பழக்கம் வேறு, உடல்வாகு வேறு. 1994-இல் வெளியான மரபணு ஆய்வு, இந்த இரு வகைகளும் மனிதன் மாடு பழக்குவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன என்று காட்டியது. மாட்டை மனிதன் தனித்தனியாக இரு முறை பழக்கியிருக்கிறான். ஹள்ளிகரும் ஆலம்பாடியும் அந்த இந்தியக் கிளையின் வாரிசுகள்.

கோழி விஷயத்தில் மட்டும் கதை சற்றுத் திரும்பியது. வீட்டுக் கோழிகள் அனைத்தும் சிவப்புக் காட்டுக்கோழியிலிருந்து வந்தவை என்பது டார்வினின் தீர்ப்பு. தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியையும் அவர் பரிசீலித்து, கலப்பில் பிறக்கும் குஞ்சுகள் எளிதில் இனம் பெருக்குவதில்லை என்ற காரணத்தால் ஒதுக்கினார். 2008-இல் வந்த ஆய்வு வேறொன்றைச் சொன்னது. உலகில் பல கோழி இனங்களின் கால்களுக்கும் தோலுக்கும் மஞ்சள் நிறம் தரும் மரபணு, சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து வந்தது. தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் இடைப்பட்ட மேலகிரிக் காட்டில் விடியலில் கூவுகிற பறவை அது. மத்திகிரியில் இன்று கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கோழியினக் கல்லூரி இயங்குகிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்குப் பாடத்தின் ஒரு பகுதி பக்கத்து மலையிலேயே இருக்கிறது.

எலியட் 1860-இல் ஓய்வு பெற்று ஸ்காட்லாந்தின் வுல்ஃபிலீக்குத் திரும்பினார். கண் பார்வை போன பிறகும் தென்னிந்திய நாணயங்களைப் பற்றிய நூலை முடித்தார். 1887-இல் இறந்தார். இன்று அவரை நினைப்பவர்கள் பெரும்பாலும் அமராவதிச் சிற்பங்களை 1845-இல் தோண்டியெடுத்தவராகவே நினைக்கிறார்கள். அந்தச் சிற்பங்களில் பெரும்பகுதி லண்டன் போய்ச் சேர்ந்ததால் அது நியாயமான நினைவுதான். ஆனாலும் புறாத் தோல்களை அடுக்கிக் கப்பலேற்றிய எலியட்டுக்கும் தமிழ்நாட்டு அறிவியல் வரலாற்றில் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். ஒட்டர்களுக்கும் புறா வளர்த்தவர்களுக்கும் அதே பக்கத்தில் இடம் வேண்டும்.

மத்திகிரிப் பண்ணை 20-ஆம் நூற்றாண்டில் சிவப்பு சிந்தி மாடுகளுக்குப் பேர் பெற்றது. தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936-இல் விரிவான நூல் எழுதிய லிட்டில்வுட் இந்தப் பண்ணையோடு தொடர்புடையவர். அவர் விவரித்த இனங்களில் ஆலம்பாடி இன்று அருகிவிட்டது. டிராக்டர் வந்து ஏர் போயிற்று, காட்டு மேய்ச்சல் சுருங்கிற்று, பால் குறைவான மாட்டை வைத்திருக்க உழவருக்குக் கட்டுப்படியாகவில்லை. தர்மபுரி மாவட்டம் காரிமங்கலத்தில் இந்த இனத்துக்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் அமைக்கப்பட்டிருக்கிறது. தேர்ந்தெடுக்க வேறுபாடு இருந்தால்தான் தேர்வு நடக்கும் என்பது டார்வினின் முதல் அத்தியாயத்து வாதம். வறட்சியைத் தாங்கும் உடலும், கல்லில் தேயாத குளம்பும், காட்டுத் தழையைச் செரிக்கும் வயிறும் நாளை தேவைப்படும்போது, அவை இன்னும் அஞ்செட்டிப் பக்கத்துப் பட்டிகளில் மிச்சமிருக்கும் பசுக்களில்தான் கிடைக்கும். அந்தப் பட்டிக்காரர்களுக்கு மேய்ச்சல் உரிமையும் கன்றுக்கு நல்ல விலையும் கிடைப்பதற்கு முன்னால், ஆராய்ச்சி மையத்தால் மட்டும் ஆகக்கூடியது குறைவு.